வயிற்றுப் புத்தகம்

ஒக்தாவியோ, சங்கால்பாம்பா மலையூர் நூலகத்துக்குத் தர வேண்டிய பாக்கி பதினான்கு சோலும் அறுபது காசும். புத்தகத்தின் விலை பன்னிரண்டு சோல். புதுப் பிரதி வாங்க லாரியில் நகரத்துக்குப் போய்வர இரண்டு அறுபது. இதில் ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நூலகர் எலியோதோரோ மால்கா நாக்கைக் கடித்துக்கொண்டு, பென்சிலை அழுத்தி, நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தார்.

பாக்கி வந்த கதையைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது. ஒக்தாவியோ வாங்கிப் போனது கினிப்பன்றி வளர்ப்புப் புத்தகம். பாதி படித்துவிட்டு அடுப்படியில் வைத்திருக்கிறான். கினிப்பன்றிகள் வளர்வதும் அதே அடுப்படியில்தான். விடிந்து பார்த்தால் அட்டையையும் முதல் இருபது பக்கத்தையும் காணோம்.

“என்ன தீனி போடணும்னு புத்தகத்துல இருந்துச்சாம்ல? அதுங்களே படிச்சுப் பார்த்துட்டுத் தின்னிருக்கும்” என்றான் பக்கத்து வீட்டு லௌரோ. ஒக்தாவியோவும் சேர்ந்துதான் சிரித்தான். பிறகு நோட்டு வந்தது. சிரிப்பு போய்விட்டது.

நூலகம் என்றால் தனிக் கட்டடம் ஒன்றும் இல்லை. எலியோதோரோவின் வீட்டில், சோளக்கதிர் தொங்கும் சுவரில் மூன்று பலகை. அதில் இருபத்துநான்கு புத்தகம். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, ஊர் படித்து முடித்தவற்றைத் தோள்பையில் போட்டுக்கொண்டு நான்கு மணி நேரம் நடந்து கணவாய்க்குப் போவார். மற்ற ஊர் நூலகர்களும் அங்கே வருவார்கள். எல்லாரும் அவரைப் போல மண் கொத்துகிறவர்கள்தான். புல்வெளியில், தோளில் போர்த்தியிருந்த போன்ச்சோவை விரித்துப் புத்தகங்களை மாற்றிக்கொண்டு, கொண்டுவந்த வறுத்த சோளத்தைத் தின்றுவிட்டுத் திரும்பி நடப்பார்கள். சம்பளம் கிடையாது.

எலியோதோரோவுக்கு எழுத்து வந்தது முப்பத்தெட்டு வயதில். அதுவரை ரேகை வைத்துக்கொண்டிருந்த கை. இன்றைக்கும் பாறை நிலத்தைக் கொத்துவதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கொத்தித்தான் படிப்பார். கூலி நாளில் உருளைக்கிழங்கு தோண்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் கழுத்து வலித்துவிடும். அவ்வளவு பாடுபட்டு எழுதிய ஒன்றை மாற்றுவது என்பதை மட்டும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. பாக்கி இருக்கிற வீட்டுக்குப் புத்தகம் கிடையாது என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னவர் அவர்தான். கூட்டம் கைதூக்கியது. அவர் எழுதிக்கொண்டார். மழையில் நனையவிட்ட ஒரு புத்தகத்துக்காக அந்த விதியின்படி முதலில் காசு கட்டியவன் லௌரோ. அதை அவன் மறக்கவில்லை, மற்றவர்களை மறக்கவிடவும் இல்லை.

புத்தகம் வாங்கும் அட்டைகளெல்லாம் ஆண்கள் பெயரில்தான் இருந்தன. வீட்டுக்கு ஓர் அட்டை, அதில் வீட்டுத்தலைவன் பெயர். வேறு மாதிரி எழுதலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஜூன் மாதம் கணவாயில் பக்கத்து ஊர் நூலகர் ஒரு தடித்த புத்தகத்தை அவர் பையில் வைத்தார். அங்கே எல்லாரும் அவரை ‘தோன்’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள்.

“இதைக் கொண்டு போங்க தோன் எலியோதோரோ. எங்க ஊர்ல பொம்பளைங்க கை மாத்திக் கை மாத்தி இலையாட்டம் ஆக்கிட்டாங்க.”

புத்தகத்தின் மேலட்டையில் தொப்பி போட்ட ஒரு பெண். வயிற்றைத் திறந்து காட்டியிருந்தது, உள்ளே தலைகீழாகக் குழந்தை. எலியோதோரோவுக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்து அட்டை போட்டார். தாளில் ஒரு புனிதரின் படம் இருந்தது. படம் வெளியே தெரியும்படி மடித்து, உருளைக்கிழங்கு நோய்ப் புத்தகத்துக்கும் செம்மறியாட்டுப் புத்தகத்துக்கும் நடுவே சொருகினார். அந்த இரண்டும் அவருக்கு மனப்பாடம். இதை அவர் திறக்கவில்லை. பெண்கள் விஷயம். அவர் மனைவி பெர்பெத்துவாதான், எழுத்து தெரியாதவள், அவர் வயலுக்குப் போன நேரத்தில் எடுத்துப் படம் பார்த்தாள். ஓடையில் துணி துவைக்கும்போது மற்றப் பெண்களிடம் சொல்லவும் சொன்னாள். அவர்கள்தான் அதற்கு வயிற்றுப் புத்தகம் என்று பெயர் வைத்தது.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை மாலை, எலியோதோரோ தோண்டிவிட்டு வந்து வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கசில்தா வந்தாள். ஒக்தாவியோவின் மனைவி. ஒக்தாவியோ அப்போது கடற்கரைப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தான். பாக்கியைக் கட்டவும் சேர்த்துத்தான் போனான். அவளுக்கு எட்டாம் மாதம். அவளுடைய மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன் எலியோதோரோ. ஞானஸ்நானத் தண்ணீர் பட்ட நாளிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொம்பாத்ரே, கொமாத்ரே என்பார்கள். கூடப் பிறந்தவர்களைவிட மரியாதையான உறவு அது. கொமாத்ரேயின் முன்னால் கெட்ட வார்த்தை பேசமாட்டார்கள், குடித்துவிட்டு நிற்கமாட்டார்கள்.

“கொம்பாத்ரே, இருக்கீங்களா?”

“வாங்க கொமாத்ரே. பெர்பெத்துவா அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. ஞாயித்துக்கிழமைதான் வருவா.”

“அவளைத் தேடி வரலை. நூலகரைத் தேடித்தான் வந்தேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபோது முகம் புதிதாக இருந்தது, யாரோ ஊதிவிட்டதுபோல. திண்டில் கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தாள். கல்யாண மோதிரம் விரலில் இல்லை, கழுத்தில் கம்பளி நூலில் கோத்துத் தொங்கியது. எலியோதோரோ அதைப் பார்த்தார். பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. கரும்பு வெட்டப் போன புருஷனுக்காக ஏதோ நேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்.

“அந்த வயித்துப் புத்தகம் வேணும் கொம்பாத்ரே. ரெண்டே நாளு. சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் தொடுவேன். அடுப்படிப் பக்கமே கொண்டு போகமாட்டேன், சத்தியமா.”

அவர் நோட்டை எடுத்தார். எடுக்காமலே சொல்லியிருக்கலாம். ஆனால் எழுதியதைக் காட்டினால்தான் தான் சொல்வதாக இருக்காது, நோட்டு சொல்வதாக இருக்கும் என்று நினைத்தார்.

“ஒக்தாவியோ பேர்ல பதினாலு அறுபது நிக்குது கொமாத்ரே.”

“நிக்கட்டும், அது எங்க ஓடிடும்? அவரு வந்ததும் கட்டிடுவாரு.”

“வரட்டும். அன்னிக்கே தர்றேன்.”

“அவரு வர்றதுக்குள்ள பிள்ளை வந்துடுமே.” கொண்டுவந்திருந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இலையில் சுற்றிய பாலாடைக்கட்டி, நல்ல பெரிய துண்டு. “இதைப் பாக்கியில வச்சுக்கோங்க. நாலு சோல் போகும்.”

“நூலகம் பாலாடைக்கட்டி வாங்காது கொமாத்ரே. நோட்டுல அதுக்குக் கட்டமே இல்லை.”

“கட்டம் போட்டுக்க வேண்டியதுதானே? பென்சில் உங்க கையிலதானே இருக்கு?”

அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வேலிக்கு அப்பால் லௌரோவின் தொப்பி நகர்ந்துகொண்டிருந்தது. நாளை ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். எனக்கு நோட்டு, கொமாத்ரேக்குப் பாலாடைக்கட்டியா தோன் எலியோதோரோ? லௌரோவின் குரல்கூடக் காதில் கேட்டது.

“உங்களுக்குன்னு மாத்துனா மத்தவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது?”

கசில்தா நெற்றியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

“வீட்டுக்குத் தரவேணாம். இங்கேயே, இப்பவே எடுத்து ஒரு பக்கம் மட்டும் படிச்சுச் சொல்லுங்க. கை வீங்குன படம் ஒண்ணு இருக்காம், பெர்பெத்துவா சொன்னா. எனக்கு மூணு நாளா தலைவலி விடலை. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது. மாமியாக்காரி பிள்ளை பெருசு, ஆம்பளப் பிள்ளைங்கிறாங்க. அந்தப் படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாருங்க.”

கையெட்டும் தூரத்தில், பலகையில், புனிதரின் முகம் தெரிந்தது. எலியோதோரோவின் கை எழவில்லை. அந்தப் புத்தகத்தில் என்னென்ன படம் இருக்குமோ. கொமாத்ரே எதிரே உட்கார்ந்திருக்க, வீட்டில் வேறு பெண் இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, அந்த இடங்களின் பெயரை வாய்விட்டு எப்படிப் படிப்பது? அதுவும் அவர் படிக்கிற வேகத்தில்.

“அது பொம்பளைங்க பார்க்கிறது கொமாத்ரே. ஞாயித்துக்கிழமை பெர்பெத்துவா வந்துருவா. ரெண்டு பேரும் உக்காந்து படத்தைப் பாருங்க. பாக்கியில ஒரு அஞ்சு சோலாவது கொண்டாந்தீங்கன்னா கூட்டத்துல சொல்லி எடுத்துட்டே போகலாம்.”

“ஞாயித்துக்கிழமையா” என்றாள் அவள். விரலில் எண்ணிப் பார்த்தாள். “மூணு நாள்தானே. சரி கொம்பாத்ரே.”

எழுந்திருக்க இரண்டு முறை முயன்றாள். பாலாடைக்கட்டியைத் திண்டிலேயே வைத்துவிட்டாள். “இது நூலகத்துக்கு இல்லை, பெர்பெத்துவாவுக்கு. இதுக்கு நோட்டு வேணாமே?”

பெர்பெத்துவா ஞாயிறு வரும்வரை அது தாங்காது என்று சொல்லிக்கொண்டு, அவித்த உருளைக்கிழங்கோடு எலியோதோரோவே அதைத் தின்று முடித்தார். உப்பு அளவாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஊர்க்காவல் ஊதல் விடாமல் ஊதியது. ஓடிப்போனபோது கசில்தாவின் வீட்டு வாசலில் அவளுடைய மாமியார் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கசில்தா கால் கை வெட்டி இழுத்துக் கிடந்தாள், பல்லுக்கு நடுவில் யாரோ துணி வைத்திருந்தார்கள். இரண்டு கம்பில் போர்வையைக் கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். முன்பக்கம் லௌரோவும் எலியோதோரோவும். சுகாதார நிலையத்துக்கு ஐந்து மணி நேரம். வழியில் இரண்டு முறை இழுப்பு வந்தது. இறக்கத்தில் போர்வை ஆடும்போது கழுத்து மோதிரம் கம்பில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது.

கசில்தா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளைதான்.

நர்ஸ் வெளியே வந்தபோது மாலை ஆகியிருந்தது. சின்ன வயசுப் பெண், களைத்துப் போயிருந்தாள்.

“வீக்கம் எத்தனை நாளா இருந்துச்சு? தலைவலின்னு யார்கிட்டயும் சொல்லலையா? வியாழக்கிழமை கூட்டிட்டு வந்திருந்தாக்கூடப் போதுமே. நடந்தே வந்திருப்பாங்களே.”

தூக்கிவந்தவர்களில் ஒருவன் கம்பிலிருந்து போர்வையை அவிழ்க்கத் தொடங்கினான்.

“உங்க மலைப்பக்கம் புத்தகமெல்லாம் சுத்துதுன்னு சொல்றாங்க. அதுல இதுக்குன்னே ஒரு பக்கம் இருக்கு. ஊர்ல நூலகர் யாரும் இல்லையா?”

“இருக்காரே” என்றான் லௌரோ, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல். “இதோ, இவருதான்.”

அவள் எலியோதோரோவைப் பார்த்தாள். கம்பு அழுத்தி அவர் தோளில் ரத்தம் கட்டியிருந்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் புத்தகத்தை எடுத்து நாட்காட்டித் தாளைக் கிழித்தார். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நாற்பத்தோராம் பக்கத்தில் அந்தப் படம். வீங்கிய முகம், வீங்கிய கை, விரலில் இறுகிய மோதிரம். மோதிரத்தைக்கூட வரைந்திருந்தார்கள். கீழே ஐந்தே வரி. அவருடைய வேகத்தில்கூடப் பானையில் தண்ணீர் சுடுவதற்குள் முடிந்துவிட்டது.

பெர்பெத்துவா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன். எல்லாருக்கும் வர்ற வீக்கம்தான்னு நினைச்சேன். எழுத்து எனக்கா தெரியும்? உங்களுக்குத்தானே தெரியும்.”

“தெரியும்” என்றார் அவர்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றார். அந்தப் பதினாலு அறுபதைத் தள்ளிவிட வேண்டும் என்றார். அந்த விதியையே எடுத்துவிட வேண்டும், பெண்கள் பெயரில் தனி அட்டை எழுத வேண்டும், வயிற்றுப் புத்தகத்தை யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் படித்துச் சொல்ல வேண்டும் என்றார். வியாழக்கிழமை நடந்ததை அப்படியே சொன்னார். பாலாடைக்கட்டியையும் விடவில்லை. எல்லாரும் கைதூக்கினார்கள். லௌரோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “அன்னிக்கு நான் வேலிக்கு அந்தப் பக்கம் கழுதை தேடிக்கிட்டிருந்தேன் தோன் எலியோதோரோ. உங்களை எட்டிக்கூடப் பார்க்கலை” என்றான்.

கூட்டம் தள்ளிவிடச் சொல்லியும் அவரால் நோட்டில் அந்த வரியைத் தொட முடியவில்லை. ரப்பரைக் கையில் எடுப்பார், வைத்துவிடுவார். கசில்தாவின் வீட்டுப் பக்கம் போகவும் முடியவில்லை. பெர்பெத்துவாதான் கஞ்சி கொண்டு போனாள், விறகு கொண்டு போனாள். ஒக்தாவியோ கடற்கரையிலிருந்து வந்து, பிள்ளையின் கல்லறைச் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, மறுபடி போய்விட்டான்.

அக்டோபரில், முதல் மழைக்கு மறுநாள், கசில்தா தானே வந்தாள். முகம் பழைய அளவுக்கு வந்திருந்தது. அதைவிடவும் சிறுத்திருந்தது. சுகாதார நிலையத்தில் மோதிர நூலை அறுத்திருந்தார்கள், கழுத்தில் ஒன்றும் இல்லை.

“கொம்பாத்ரே” என்றாள். அந்த வார்த்தையை அவள் சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

“கொமாத்ரே… நான் உங்ககிட்ட வந்து…”

“நோட்டை எடுங்க.”

திண்டில் துணி முடிச்சை அவிழ்த்தாள். எல்லாம் சில்லறை.

“ரெண்டு கோழி வித்தேன். பதினாலு அறுபது. எண்ணிக்கோங்க.”

“அதெல்லாம் தள்ளியாச்சு கொமாத்ரே. ஊரே கைதூக்கித் தள்ளியாச்சு. நீங்க ஒரு காசும் தரவேணாம்.”

“யாரு தள்ளச் சொன்னது?” குரல் உயரவில்லை. “நான் கூட்டத்துக்கு வந்தேனா? தள்ளுங்கன்னு கேட்டேனா? அன்னிக்குக் கேட்டேன், அப்ப நோட்டுல கட்டம் இல்லை. இப்பக் காசு கொண்டாந்திருக்கேன். காசுக்குக் கட்டம் இருக்குல்ல?”

“கொமாத்ரே, என்னால இதை வாங்க முடியாது.”

“வாங்கித்தான் ஆகணும். நீங்க தள்ளிட்டா உங்க பாரம் இறங்கிடும். எனக்கு என்ன இறங்குது? எண்ணுங்க.”

அவர் எண்ணினார். பதினொன்றில் தவறி மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அவள் அவசரப்படுத்தவில்லை. சரியாக இருந்தது.

“இப்ப பாக்கி இல்லையே?”

“இல்லை.”

“அப்ப அந்தப் புத்தகத்தை எடுங்க. அந்தப் பக்கத்தைப் படிங்க.”

பெர்பெத்துவா உள்ளிருந்து வந்து, “நான் வேணா படத்தைக் காட்டுறேன் கசில்தா…” என்றாள்.

“படம் வேணாம். எழுத்து.”

எலியோதோரோ நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார். தேட வேண்டியிருக்கவில்லை, புத்தகம் தானாகவே அங்கே விரிந்தது. விரலை வரிக்கு அடியில் வைத்தார். மனப்பாடமாகவே தெரியும், ஆனாலும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படித்தார், வேறு மாதிரி அவருக்கு வராது.

“கையும் முகமும் வீங்கினால், தலைவலி விடாமல் இருந்தால், கண் முன்னால் பூச்சி பறந்தால், காத்திருக்க வேண்டாம். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ஆபத்து. அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம். தாயும் பிள்ளையும் பிழைக்க வழி உண்டு.”

“மறுபடி.”

மறுபடி படித்தார். அவள் வாய் சத்தமில்லாமல் கூடவே அசைந்தது.

“பூச்சின்னே எழுதியிருக்கா? நான் சொன்ன மாதிரியே?”

“அப்படியேதான் கொமாத்ரே.”

அவள் வெகுநேரம் வெளியே, மழையில் கருத்த வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள். “குடுங்க. என் நாத்தனா தெல்மிராவுக்கு அஞ்சாம் மாசம். இந்த அஞ்சு வரி எனக்குப் பாடமாயிடுச்சு. மத்ததை அவ மகன் படிச்சுக் காட்டுவான், இல்லைன்னா நீங்க வந்து படிக்கணும். வருவீங்களா?”

“வர்றேன். கூப்பிட்ட அன்னிக்கே வர்றேன்.”

அவர் புது அட்டை ஒன்றை எடுத்து அதில் கசில்தா என்று எழுதினார். எழுதி முடியும்வரை அவள் நின்றாள். பிறகு நோட்டில் ஒக்தாவியோவின் வரிக்கு வந்தார். ரப்பரை எடுத்தார்.

“அழிக்காதீங்க” என்றாள் கசில்தா. “கோடு மட்டும் போடுங்க. அடியில என்ன இருந்துச்சுன்னு தெரியட்டும்.”

அவர் ரப்பரைக் கீழே வைத்தார். பலகையின் ஓரத்தை அளவுகோலாக வைத்து, பதினான்கு சோல் அறுபது காசின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் ‘கட்டியாகிவிட்டது’ என்று எழுதினார். நீளமான சொல். அதை எழுதி முடித்து அவர் நிமிர்ந்தபோது, அவள் புத்தகத்தை ஈரம் படாமல் சால்வைக்குள் கட்டிக்கொண்டு ஓடைப்பக்கம் இறங்கியிருந்தாள்.